ஆப்ளிவியனுக்குத் திரும்பிப் போகலாமா? மூலப் பதிப்பு, மாட் ஏற்றியது, 2025 ரீமாஸ்டர், ஸ்கைரிம்: எது யாருக்கு?

2006 மார்ச்சில் வந்த ‘ஆப்ளிவியன்’ என்ற திறந்த உலக ரோல்-பிளேயிங் விளையாட்டு இப்போது இரண்டு உருவத்தில் கிடைக்கிறது. ஒன்று அன்றைக்கு டிவிடியில் வந்த அதே விளையாட்டு. இன்றும் ஸ்டீம், ஜிஓஜி என்ற இணையக் கடைகளில் விற்கிறார்கள். இன்னொன்று 2025 ஏப்ரல் 22 அன்று வெளியான ரீமாஸ்டர், அதாவது புதுப்பித்த பதிப்பு. பழையதில் மாட்களை (ரசிகர்கள் செய்த மாற்றக் கோப்புகளை) ஏற்றியும் ஆடலாம், இல்லையென்றால் அதே தொடரின் அடுத்த விளையாட்டான ஸ்கைரிமுக்குப் போகலாம். 2006 காலத்தில் முழுப்பரீட்சை லீவில் ஆடியவர்களுக்கு இன்றைக்கு வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் போக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் மிஞ்சினால் பெரிது. பாளையங்கோட்டையானாலும் தென்காசியானாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அந்த ஒன்றரை மணி நேரத்தை இதில் போடலாமா, போட்டால் எதில்?

நினைவில் நிற்பது எது, மறந்துபோவது எது என்று பிரித்துப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

நினைவில் நிற்பது ஆட்டத்தின் தொடக்கத்தில் வரும் சாக்கடைச் சுரங்கத்தின் கடைசிக் கம்பிக் கதவு. திறந்து வெளியே வந்தால் எதிரே ருமாரே ஏரி, தண்ணீருக்கு அக்கரையில் வெள்ளைக் கல் தூண்களோடு வில்வெரின் இடிபாடு. கையில் அரசரின் தாயத்து இருக்கிறது, வெய்னன் மடத்தில் ஜாஃப்ரியிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதை மடியில் கட்டிக்கொண்டு நேரே ஏரியில் இறங்கி நீந்தி அந்த இடிபாட்டுக்குள் நுழைந்தவர்கள்தான் அதிகம். ஒருவரும் தடுப்பதில்லை.

மறந்துபோவது நெடுஞ்சாலை வழிப்பறிக்காரன். இருபதாம் லெவல் தாண்டியபிறகு பாலத்தோரம் ஒருவன் வந்து மறிப்பான். மேலே கண்ணாடிக் கவசம், விற்றால் ஆயிரக்கணக்கில் பொன் தேறும். அவன் உங்களிடம் கேட்பது 100 பொன்! நீங்கள் லெவல் ஏற ஏற உலகமும் கூடவே ஏறுகிறது, அவன் உடுப்பும் ஏறுகிறது. இந்த ஒரு அமைப்பு உங்களை எவ்வளவு உறுத்தும் என்பதை வைத்துத்தான் கீழே உள்ள நான்கு வழிகளும் பிரிகின்றன.

## எதை வைத்து முடிவு செய்வது

கணினி. கிராபிக்ஸ் கார்டின் பெயரையும் ராம் அளவையும் முதலில் எழுதி வையுங்கள். தனிக் கார்டு இல்லாத ஆபீஸ் லேப்டாப் என்றால் ரீமாஸ்டர் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

கரண்ட். இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 300 வாட் இழுக்கும் மேஜைக் கணினியைத் தினம் ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் 60 நாளுக்கு 27 யூனிட், 3 மணி நேரம் ஓட்டினால் 54 யூனிட். தனியாகப் பார்த்தால் சிறிய எண்தான். ஆனால் ஏசி ஓடும் வீட்டில் இரண்டு மாதக் கணக்கு 480-இல் நிற்கும்போது இந்த 27 அதை 500-க்கு மேல் தள்ளும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் இடி வெட்டினால் கரண்ட் போகும். சேவ் கோப்பு எழுதப்படுகிற அந்த ஒரு நொடியில் போனால் அந்தச் சேவ் காலி. வீட்டு இன்வர்ட்டர் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இன்வர்ட்டரின் பின்பக்கம் ‘யூபிஎஸ் மோடு’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அது சாதாரண நிலையில் இருந்தால், லைன் மாறுகிற இடைவெளியில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், கணினி மட்டும் அணைந்து மறுபடி எழும். 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். மூலப் பதிப்புக்கு அது போதும். ரீமாஸ்டரை ஓட்டும் கணினி மானிட்டரோடு சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டக்கூடும், தாண்டினால் யூபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு உடனே கைவிட்டுவிடும்.

டவுன்லோட். 125 ஜிபி என்பது 40 எம்பிபிஎஸ் ஃபைபரில் ஏறக்குறைய 7 மணி நேரம். ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவில் இரண்டு மாதம். களக்காடு, பாபநாசம் பக்கம் மலையடியில் மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளுக்கு இந்த ஒரு கணக்கே முடிவைச் சொல்லிவிடும்.

நேரம். பிரதானக் கதையை மட்டும் முடிக்க 25 முதல் 30 மணி நேரம். கில்டுகள் என்ற சங்கங்களின் கதைகள், ஷிவரிங் ஐல்ஸ் என்ற விரிவாக்கம் எல்லாம் என்றால் 100 மணி நேரத்தைத் தாண்டும். தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் கதைக்கு மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம்.

எதைத் தேடிப் போகிறீர்கள். உணர்வா, கதையா, புதுச் சண்டையா? இதை நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

| | மூலப் பதிப்பு | மாட் ஏற்றியது | ரீமாஸ்டர் | ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் |
|---|---|---|---|---|
| ராம் | 512 எம்பி கேட்டது, இன்று எதுவும் போதும் | 8 ஜிபி இருந்தால் நிம்மதி | குறைந்தது 16, பரிந்துரை 32 ஜிபி | 8 ஜிபி |
| கார்டு | 128 எம்பி | நடுத்தரத் தனிக் கார்டு | குறைந்தது ஜிடிஎக்ஸ் 1070 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 5700 | ஜிடிஎக்ஸ் 470 |
| வட்டு இடம் | 5 ஜிபிக்குள் | மாட்டுக்கு ஏற்ப ஏறும் | 125 ஜிபி, எஸ்எஸ்டி வேண்டும் | 12 ஜிபி |
| 40 எம்பிபிஎஸ்-இல் இறங்க | 17 நிமிடம் | மாட்டுக்கு ஏற்ப | 7 மணி நேரம் | 40 நிமிடம் |
| ஆடுமுன் தயாரிப்பு | ஒரு சாயங்காலம் | இரண்டு வார இறுதி | ஷேடர் (படம் வரையும் சிறு நிரல்) தயாராகும் நேரம் மட்டும் | அரை மணி நேரம் |

## வழி 1: மூலப் பதிப்பு, தேவையான ரிப்பேர் மட்டும்

பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். பழைய லேப்டாப்பிலும் ஓடும், தள்ளுபடிக் காலத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், நினைவில் இருக்கிற அதே பச்சை, அதே மஞ்சள் வெளிச்சம். ஆனால் கடையில் வாங்கியபடியே ஓட்டாதீர்கள். வரிசை மாறாமல் இதைச் செய்யுங்கள்:

1. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் போடாதீர்கள். அங்கே விண்டோஸ் கோப்புகளைத் திருத்த விடாது, பிறகு போடும் ரிப்பேர் எதுவும் ஒட்டாது. டி டிரைவில் ‘கேம்ஸ்’ என்று தனி ஃபோல்டர் போதும்.
2. ஒரு முறை திறந்து மூடுங்கள். அப்போதுதான் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ஆப்ளிவியனின் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பு உருவாகும். புதிய கார்டை லாஞ்சருக்கு அடையாளம் தெரியாது, தரத்தைக் குறைத்து வைத்துவிடும். ஆப்ஷன்ஸில் போய் ‘அல்ட்ரா’ என்று நீங்களே மாற்றுங்கள்.
3. எக்ஸி கோப்பை நகல் எடுத்து வைத்துவிட்டு 4ஜிபி பேட்ச் போடுங்கள். இது 32-பிட் விளையாட்டு, 2 ஜிபிக்கு மேல் நினைவகத்தைத் தொடாது. நீண்ட நேரம் ஆடியபின் திடீரென்று டெஸ்க்டாப்புக்கு விழுவதற்குப் பெரிய காரணம் அந்த எல்லை.
4. எக்ஸ்-ஓபிஎஸ்இ போடுங்கள், அடுத்துச் சொல்லும் ரிப்பேருக்கு இதுதான் அடித்தளம். ஸ்டீம் பதிப்பில் ஸ்டீம் ஓவர்லே இயங்கவேண்டும். அதை அணைத்து வைத்திருப்பவர்களுக்குத்தான் ‘போட்டேன், வேலை செய்யவில்லை’ என்ற தொல்லை வருகிறது. ஜிஓஜி பதிப்பில் லோடர் கோப்பின் வழியாகத் திறக்கவேண்டும்.
5. ‘எஞ்சின் பக் ஃபிக்ஸஸ்’. இதை விடக்கூடாது. ஒரே கதாபாத்திரத்தோடு நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடியபின் தீப்பந்தத்தின் சுடர் உறைந்து நிற்பது, கதவு ஆமை வேகத்தில் திறப்பது எல்லாம் இந்த விளையாட்டின் பெயர்பெற்ற அனிமேஷன் பிழை. அதற்கு மருந்து இது.
6. மூல விளையாட்டுக்கும் ஷிவரிங் ஐல்ஸுக்கும் சிறு டிஎல்சிகளுக்கும் (கூடுதல் பகுதிகளுக்கும்) ‘அன்அஃபிஷியல்’ பேட்ச்கள் தனித்தனியாக இருக்கின்றன. மூன்றும் வேண்டும்.
7. ஆட்டோசேவ் மூன்றையும் (தூங்கும்போது, காத்திருக்கும்போது, பயணிக்கும்போது) அணைத்துவிடுங்கள். குவிக்சேவை நம்பாமல், ஒவ்வொரு முறையும் புது இடத்தில் கையால் சேவ் செய்யுங்கள். ஒன்று கெட்டாலும் முந்தையது இருக்கும்.

இதற்குமேல் படம் துள்ளினால் டிஎக்ஸ்விகே என்ற கிராபிக்ஸ் கருவியின் 32-பிட் டி3டி9 கோப்பை விளையாட்டு ஃபோல்டரில் போட்டுப் பாருங்கள். விளையாட்டு பெரும்பாலும் பிராசசரின் ஒரே ‘கோர்’ பகுதியைத்தான் பிழியும். அதனால் விலை உயர்ந்த கணினியிலும் தலைநகரான இம்பீரியல் சிட்டிக்குள் நுழையும்போது சற்றுத் திணறும். அதை முழுவதும் சரிசெய்ய முடியாது.

மறைவான செலவு லெவல் கணக்கில் இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் 7 மேஜர் திறன்களில் மொத்தம் 10 உயர்வு வந்து, தூங்கி எழுந்தால் ஒரு லெவல். ஒரு பண்பு (பலம், வேகம் போன்றது) +5 உயரவேண்டுமானால் அதற்குக் கீழ் வரும் திறன்களில் அந்த லெவலுக்குள் 10 உயர்வு தேவை. 5 முதல் 7 வரை வந்தால் +3தான். அத்லெடிக்ஸையும் அக்ரோபாடிக்ஸையும் மேஜராக வைத்தவர் ஓடியும் குதித்துமே லெவல் ஏறிவிடுவார். வாள் கை அப்படியே இருக்கும், எதிரில் வருபவன் மட்டும் பலசாலியாகிவிடுவான். பன்னிரண்டாம் லெவலில் ‘எனக்கு ஆடத் தெரியவில்லை போல’ என்று மூடி வைத்தவர்கள் பலருக்கு நடந்தது இதுதான். பிழை அவர்களுடையதல்ல.

மூன்று காரியம் செய்தால் தலைவலி பாதி குறையும். ஓட்டத்தையும் குதிப்பையும் மேஜரில் வைக்காதீர்கள். க்வாட்ச் நகரத்து முதல் நரக வாசலைப் பத்தாம் லெவலுக்குள் முடித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் அங்கே டேட்ரோத்துகள் என்ற பெரும் பூதங்கள் நிற்கும். கடினத்தின் ஸ்லைடரை நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலக்கோடியில் வைத்தால் எதிரியின் அடி 6 மடங்காகும்.

இன்னொன்றும் உண்டு. சில பரிசுப் பொருட்களின் பலம் அதைக் கையில் வாங்கும் லெவலிலேயே உறைந்துவிடும். கோரோல் கேடயத்தின் உச்சப் பதிப்பு 25-ஆம் லெவலுக்கு மேல்தான் கிடைக்கும். ஐந்தாம் லெவலில் அதைத் தரும் குவெஸ்ட்டை (பணியை) முடித்தவருக்கு வருவது அலமாரியில் வைக்கத்தான் ஆகும்.

## வழி 2: மாட்களை ஏற்றி மாற்றியமைப்பது

வழிப்பறிக்காரனின் கண்ணாடிக் கவசத்தைச் சகிக்கவே முடியாது என்பவர்களுக்கு இது. ஆஸ்குரோஸ் ஆப்ளிவியன் ஓவர்ஹால், மாஸ்கர்ஸ் ஆப்ளிவியன் ஓவர்ஹால் என்ற இரண்டில் ஏதாவது ஒன்று போதும். எதிரிகளின் லெவலை இடத்துக்கு ஏற்ப வைத்துவிடும். சில குகைகளைப் பார்த்ததும் திரும்பி ஓட வேண்டியிருக்கும், பத்து லெவல் கழித்து வந்து கணக்கைத் தீர்க்கலாம். ஆப்ளிவியனின் கதை நடக்கும் சிரோடீல் நாடு இப்படி இருந்திருக்க வேண்டியதுதான் என்று நினைக்கிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி.

மாட் ஆர்கனைசர் 2 என்ற மென்பொருளின் வழியாகப் போடுங்கள். விளையாட்டு ஃபோல்டரில் நேரே கொட்டினால் பிறகு எது எங்கே என்று தெரியாது. ரை பாஷ் என்ற கருவியில் ‘பாஷ்ட் பேட்ச்’ கட்டாயம் உருவாக்க வேண்டும். ஒரே பொருள் பட்டியலை இரண்டு மாட்கள் திருத்தினால் கடைசியில் ஏறுவது மட்டுமே நிற்கும், இந்தப் பேட்ச் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும். பிளக்இன் (மாட் கோப்பு) எண்ணிக்கை 255-ஐத் தாண்டக்கூடாது. நடு ஆட்டத்தில் ஒரு மாட்டைப் பிடுங்கினால் சேவ் அப்போதே கெடாமல் பத்து மணி நேரம் கழித்துக் கெடும், அதுதான் கொடுமை.

இதன் உண்மையான செலவு இரண்டு வார இறுதி. மாட் போடுவதிலேயே ருசி கண்டு, வில்வெரின் வரைகூடப் போகாமல் ஓய்ந்துவிடும் ஆபத்து பெரிது. வாரத்தில் 5 மணி நேரம்கூடக் கிடைக்காதவர்கள் இந்த வழியைத் தொடவேண்டாம் என்பேன். கல்லூரி விடுமுறையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

## வழி 3: 2025 ரீமாஸ்டர்

மேலே அன்ரியல் எஞ்சின் 5 படம் வரைகிறது, அடியில் பழைய கேம்பிரியோ எஞ்சின்தான் கணக்குப் போடுகிறது. ஆகவே குவெஸ்ட்டுகளும் வசனங்களும் பழைய பைத்தியக்காரத்தனங்களும் அப்படியே இருக்கின்றன. மாறியது முக்கியமான இடத்தில்: எந்தத் திறன் உயர்ந்தாலும் லெவலுக்குச் சேரும், ஒவ்வொரு லெவலுக்கும் 12 புள்ளி கிடைக்கும், அதை மூன்று பண்புகள் வரை பிரித்துப் போடலாம். தப்பாகத் தேர்ந்து ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்ளும் பழைய பொறி இல்லை. வேகமாக ஓடும் ஸ்பிரிண்டும் வந்திருக்கிறது. ஆனால் உலகம் உங்களோடு லெவல் ஏறுவது மாறவில்லை. கண்ணாடிக் கவசக்காரன் இங்கேயும் உண்டு, இப்போது இன்னும் பளபளப்பாக.

பணத்தில் ஒரு குறிப்பு: சாதாரணப் பதிப்பிலேயே ஷிவரிங் ஐல்ஸும் நைட்ஸ் ஆஃப் தி நைன் என்ற இன்னொரு கூடுதல் கதையும் சேர்ந்தே வருகின்றன. டீலக்ஸில் கூடுவது சில கவசம், ஆயுதம், ஓவியப் புத்தகம், இசைத் தொகுப்பு போன்றவை. ஆடுவதற்கு அது தேவையில்லை. வெளியான நாளிலேயே மைக்ரோசாஃப்டின் சந்தாச் சேவையான கேம் பாஸிலும் வந்தது. ஒரு மாதச் சந்தாவில் கதையை மட்டும் முடிக்க நினைப்பவர்கள், இப்போதும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கலாம்.

பெரிய சிக்கல் திறந்த வெளியில் ஓடும்போது வரும் திக்கல். இதைக் காசு போகாமல் சோதிக்க ஸ்டீமில் வழி உண்டு: வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பும். சுரங்கத்துக்குள் எந்தக் கணினியும் நன்றாகத்தான் ஓடும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதல் முறை ஷேடர் தயாராகும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும். முகம் செதுக்குவதில் நேரம் போக்காமல், எலிகளையும் காப்ளின்களையும் வேகமாகத் தாண்டி, முக்கால் மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். வந்ததும் பாலம் தாண்டிக் கோரோல் காட்டுப் பாதையில் 10 நிமிடம் ஓடுங்கள். அங்கே எப்படி ஓடுகிறதோ அதுதான் அடுத்த 100 மணி நேரமும்.

திக்கினால் முதலில் லூமென் என்ற ஒளியமைப்பின் தரத்தையும் நிழலையும் குறையுங்கள், டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் (சிறிதாக வரைந்து பெரிதாக்கும் வசதி) போடுங்கள், நொடிக்கு வரும் பிரேமை 40-இல் கட்டுங்கள். சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில் நேரம் நெல்லையில் மாடி அறையில் கேமிங் லேப்டாப் வைத்து ஓட்டினால், சூடு தாங்காமல் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் 20 நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு இழுத்தால் காரணம் அதுதான், விளையாட்டைக் குறை சொல்லவேண்டாம். பிரேமைக் கட்டுவதும் லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி வைப்பதும் உதவும். ஆனி, ஆடிச் சாரலில் இந்தத் தொல்லை வெகுவாகத் தணியும்.

தேவையான கார்டு ஏற்கெனவே இருப்பவருக்கும், முதன்முறை ஆடுபவருக்கும், பழைய லெவல் கணக்கு பிடிக்காமல் விட்டவருக்கும் ரீமாஸ்டர்தான் சரி. இதற்காகவே புதுக் கார்டு வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

## வழி 4: ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்

சிரோடீல்தான் வேண்டும் என்றில்லை, திறந்த உலகத்தில் நடக்கவேண்டும் என்று மட்டும் தோன்றுகிறதா? 2011-இல் வந்து 2016-இல் 64-பிட்டாக மாறிய இது இன்றைக்கும் எளிதாக ஓடும். பண்புக் கணக்கு இல்லை. லெவலுக்கு ஒரு பெர்க் (சிறப்புத் திறமை), ஹெல்த் அல்லது மேஜிக்கா அல்லது ஸ்டாமினாவில் 10, அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு உட்காருபவருக்கு இது இதமானது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பிரேமை 60-இல் கட்டவேண்டும், மேலே போனால் இயற்பியல் கணக்கு கெட்டு ஆரம்பத்து வண்டியே துள்ளிக் கவிழும். மாட் போட்டிருந்தால் ஸ்டீமில் ‘திறக்கும்போது மட்டும் அப்டேட்’ என்று மாற்றி, மாட்களுக்கான எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறவுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் அப்டேட் வந்து எல்லாவற்றையும் முறித்துப் போடும்.

கில்டு கதைகளிலும் நகரத்துச் சிறு கதைகளிலும் மட்டும் ஆப்ளிவியனுக்கு ஸ்கைரிம் ஈடாகாது. செய்டின்ஹால் நகரத்தில் ஓவியர் ஒருவர் தன் ஓவியத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ள, நீங்களும் உள்ளே போய்த் தூரிகைத் தீற்றல்களாலான மரங்களுக்கு நடுவே டிரோல்களை டர்பன்டைன் பூசிய கத்தியால் வெட்டுவீர்களே, அப்படி ஒன்றைத் தேடிப் போகிறவர் ஸ்கைரிமில் ஏமாந்துவிடுவார்.

## பழைய சேவ் கிடைத்தால்

பழைய ஹார்டு டிஸ்க்கில் இஎஸ்எஸ் என்று முடியும் சேவ் கோப்பு இருந்தால் ரீமாஸ்டரில் அது ஏறாது, மூலப் பதிப்பில் ஏறும். டாக்குமென்ட்ஸுக்குள் மை கேம்ஸ், ஆப்ளிவியன், சேவ்ஸ் என்ற ஃபோல்டரில் நகலெடுத்துப் போடுங்கள். அன்று போட்டிருந்த பிளக்இன் இல்லையென்று எச்சரித்தால் ஏற்றுக்கொண்டு திறந்து பாருங்கள், ஆனால் அதன்மேல் சேவ் செய்யாதீர்கள்.

அதையே தொடர்ந்து ஆடுவது பெரும்பாலும் ஓடாது. முப்பது குவெஸ்ட் பாதியில் நிற்கும், எந்தச் சாவி எதற்கு என்று நினைவிருக்காது, எதிரிகள் உச்ச லெவலில் நிற்பார்கள். அரை மணி நேரம் போதும். அன்று வாங்கிய வீட்டுக்குப் போங்கள், மாடிப் பெட்டியைத் திறந்து என்னென்ன சேர்த்து வைத்திருந்தோம் என்று பாருங்கள், தரையில் வரிசையாக அடுக்கிய கேடயங்களைச் சுற்றி ஒரு நடை நடங்கள். பிறகு மெனுவுக்கு வந்து ‘நியூ கேம்’ அழுத்துங்கள்.